கண் ரகம், காது ரகம், கை ரகம்

பி.எட். இரண்டாம் ஆண்டில் பள்ளிப் பயிற்சிக்குப் போகிறவர்களின் பையில் என்ன இருக்கும் என்று பார்க்காமலே சொல்லிவிடலாம். லெசன் பிளான் நோட்டு, அப்சர்வேஷன் ரெக்கார்டு, சுருட்டி ரப்பர் பேண்டு போட்ட சார்ட்டுகள், ஸ்கெட்ச் பேனா, தண்ணீர் பாட்டில். அத்தோடு உளவியல் செய்முறைக்கென்று கல்லூரியில் கொடுத்தனுப்பும் ஒரு வினாப்பட்டியலின் ஜெராக்ஸ் கட்டு. சிலருக்கு மனப்பான்மை, சிலருக்குத் தேர்வு பயம். எனக்கு வந்தது கற்றல் பாணி.

விஷயம் இதுதான். ஒவ்வொரு பிள்ளைக்கும் கற்பதற்கு ஒரு பாணி உண்டாம். சிலர் பார்த்துக் கற்பவர்கள், சிலர் கேட்டு, சிலர் படித்தும் எழுதியும், சிலர் கையால் செய்து. யார் எந்த ரகம் என்று முதலில் கண்டுபிடித்து, அந்தந்த ரகத்துக்குத் தக்கபடி பாடம் நடத்தினால் எல்லோரும் நன்றாகப் படிப்பார்கள். கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது! இப்போது ஸ்மார்ட் போர்டும் செயலிகளும் வந்துவிட்டதால் கண் ரகத்துக்கு வீடியோ, காது ரகத்துக்கு ஆடியோ, கை ரகத்துக்கு விளையாட்டு என்று பிரித்துக் கொடுப்பதும் சுலபமாம். எங்கள் செமினார்களில் இதைச் சொல்லாத ஆள் இல்லை. பவர்பாயிண்டில் கண், காது, கை படம் போட்ட ஒரு ஸ்லைடு கட்டாயம் இருக்கும்.

எனக்கு ஒதுக்கியது தேனிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளி, ஏழாம் வகுப்பு அறிவியல். ஒரு மதிய பீரியடில் வினாத்தாளைக் கொடுத்தேன். முதல் வரிசையில் இருந்த பெண் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எதுல டிக் போட்டா மார்க்கு மிஸ்?" என்றாள். மார்க் இல்லை, உனக்குப் பிடித்ததைப் போடு என்றேன். மார்க் இல்லாத தாளை எதற்குக் கொடுக்கிறார்கள் என்ற சந்தேகம் அவள் முகத்தில் கடைசிவரை போகவில்லை. புதிதாக ஒரு கைபேசி வாங்கினால் அதை எப்படி இயக்கக் கற்றுக்கொள்வாய் என்று ஒரு கேள்வி. கையேட்டைப் படித்து, படத்தைப் பார்த்து, ஒருவர் சொல்லக் கேட்டு, நானே அழுத்திப் பார்த்து என நான்கு விடைகள். "எங்க வீட்டுல போனு அப்பா சட்டைப் பையிலதான் மிஸ் இருக்கும். அவரு தூங்குறப்பதான் எடுப்போம்" என்றான் ஒருவன். அதற்கு எந்தக் கட்டம்?

கூட்டிப் பார்த்தால் 'செய்து கற்பவர்'தான் அதிகம். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. சாப்பாட்டு இடைவேளை முடிந்து வந்த பிள்ளைகளிடம், உட்கார்ந்து கேட்பாயா, எழுந்து செய்வாயா என்று கேட்டால் வேறென்ன சொல்லும்? என் கைடு டீச்சர் தாளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஏம்மா, இது அதுகளுக்கு எது பிடிக்கும்னு கேக்குதா, எதுல நல்லா படிக்கும்னு கேக்குதா?" என்றார். இருபது வருஷத்துக்கு மேல் அறிவியல் எடுப்பவர். பிரச்சினையின் ஆணிவேரே அந்தக் கேள்விதான் என்று எனக்குப் படித்துப் பார்த்தபிறகுதான் தெரிந்தது.

இந்த நான்கு ரகப் பட்டியலுக்கு வார்க் என்று பெயர். கொண்டுவந்தவர் நியூசிலாந்தைச் சேர்ந்த நீல் ஃபிளெமிங். பள்ளி ஆய்வாளராக ஏராளமான வகுப்புகளைப் பின்பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தவர். மிக நல்ல ஆசிரியரிடமும் சில பிள்ளைகள் ஒட்டாமல் போவதும், சுமாரான ஆசிரியரிடம் சிலர் நன்றாகத் தேறிவிடுவதும் ஏன் என்ற கேள்வி அவரைக் குடைந்திருக்கிறது. 1992-ல் கொலீன் மில்ஸ் என்பவரோடு சேர்ந்து அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பே, இது இன்னுமோர் அளவீட்டுப் பட்டியல் அல்ல, யோசிக்க ஒரு தூண்டுகோல் என்கிற பொருளில்தான் இருக்கிறது. நீ எப்படிப் படிக்கிறாய் என்று மாணவனே கொஞ்சம் நின்று யோசிக்கட்டும் என்பதற்காக வந்த தாள், நம் கைக்கு வந்துசேரும்போது பிள்ளைகளை ரகம் பிரிக்கும் சல்லடையாகிவிட்டது.

ஃபிளெமிங் மட்டும் இல்லை. இந்தத் துறையில் கடை விரித்தவர்கள் ஏராளம். பிரிட்டனில் ஃபிராங்க் காஃபீல்டும் அவர் குழுவும் 2004-ல் கணக்கெடுத்தபோது 71 வெவ்வேறு கற்றல் பாணி மாதிரிகள் கிடைத்தன. ஒரே பிள்ளை ஒரு பட்டியலில் 'பார்ப்பவர்', இன்னொன்றில் 'சிந்தித்துச் செயல்படுபவர்', மூன்றாவதில் வேறென்னவோ. ஜாதகம் பார்க்கப் போனால்கூட இத்தனை ராசி கிடையாது.

பாணிக்கேற்பக் கற்பித்தால் பலன் உண்டா என்பதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. 2008-ல் ஹெரால்ட் பாஷ்லர், மார்க் மெக்டேனியல், டக் ரோரர், ராபர்ட் பியோர்க் ஆகிய நான்கு உளவியலாளர்கள் அதைத் தெளிவாக எழுதி வைத்தார்கள். கண் ரகப் பிள்ளைகள், காது ரகப் பிள்ளைகள் என இரண்டு கூட்டமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் சீட்டுக் குலுக்கிப் பாதிப் பேருக்குப் படம் வைத்தும், பாதிப் பேருக்குப் பேச்சாகவும் ஒரே பாடத்தை நடத்துங்கள். கடைசியில் எல்லோருக்கும் ஒரே தேர்வு. கண் ரகத்தில் படம் பார்த்தவர்களும், காது ரகத்தில் பேச்சைக் கேட்டவர்களும் தத்தம் கூட்டத்தில் முந்தினால் கோட்பாடு ஜெயித்தது. இரண்டு கூட்டத்திலுமே படம் பார்த்தவர்கள்தான் முந்துகிறார்கள் என்றால், படம் எல்லோருக்கும் நல்லது என்றுதான் அர்த்தம். பாணிக்கு அங்கே வேலையில்லை.

இப்படி முறையாகச் சோதித்த ஆய்வுகள் என்று அவர்கள் தேடினால் கிடைத்தவை மிகக் குறைவு. கிடைத்ததிலும் பல, கோட்பாட்டுக்கு எதிராகவே சாட்சி சொல்லின. அதற்குப் பின்பும், 2015-ல் பெரியவர்களை வைத்துப் புத்தகத்தைக் காதால் கேட்க வைத்தும் கண்ணால் படிக்க வைத்தும் பார்த்த ஓர் ஆய்வில், தன்னைக் காது ரகம் என்று சொன்னவருக்குக் கேட்டபோது கூடுதலாக எதுவும் புரிந்துவிடவில்லை. 2017-ல் வந்த இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது. பாணி, ஒருவர் எவ்வளவு நினைவில் வைத்தார் என்பதைச் சொல்லவில்லை, 'எனக்கு நன்றாக ஏறிவிட்டது' என்று அவர் நினைத்துக்கொள்வதைத்தான் சொன்னது. டீச்சர் கேட்ட கேள்விக்கு இதைவிட நேரான பதில் கிடையாது. பிடிப்பது வேறு, படிவது வேறு.

ஆனால் நம்பிக்கை அசையவில்லை. 2012-ல் பிரிட்டன், நெதர்லாந்து ஆசிரியர்களிடம் கேட்டபோது முறையே 93, 96 விழுக்காட்டினர், பாணிக்கேற்பச் சொல்லிக்கொடுத்தால் நன்றாகக் கற்பார்கள் என்று ஒப்புக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்லத் தோன்றவில்லை. வகுப்பில் நிற்கிறவருக்குக் கண்ணெதிரே தெரிவது ஒன்றே ஒன்று: பிள்ளைகள் ஒரே மாதிரி இல்லை. அது பொய்யா என்ன? எங்கள் வகுப்பில் சிலருக்குத் தமிழ் எழுத்தே கோர்வையாக வரவில்லை, ஒருத்தி தன் அக்காவின் பத்தாம் வகுப்புப் புத்தகத்தைப் படித்துவிட்டு வந்து கேள்வி கேட்கிறாள். காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுவதால், ஏழாம் வகுப்பில் வெறும் வயிற்றோடு முதல் பீரியடில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் உண்டு. விடியற்காலையில் பூப்பறிக்கப் போய்விட்டு வரும் பிள்ளை மூன்றாவது பீரியடில் கண்ணயர்ந்துவிடும். வேறுபாடுகள் இருப்பது உண்மை. அவற்றின் பெயர் கண், காது, கை அல்ல. முன்பே என்ன தெரியும், மொழி எவ்வளவு வசப்பட்டிருக்கிறது, தூங்கியதா, சாப்பிட்டதா என்பவைதான்.

ஒரு பையனைச் சொல்ல வேண்டும். தாளில் எல்லாக் கேள்விக்கும் 'கேட்டு' என்றே டிக். அசல் காது ரகம்! வகுப்பில் அவனைக் கவனித்தேன். போர்டில் எழுதியதை அவன் எழுதிக்கொள்வதே இல்லை. பக்கத்துப் பையன் நோட்டைப் பார்த்துத்தான் எழுதுவான், அல்லது நான் வாய்விட்டுப் படிக்கும்வரை காத்திருப்பான். கைடு டீச்சரிடம் சொன்னேன். அவர் அவனை எழுப்பிக் கதவுப் பக்கம் நிற்க வைத்து, போர்டில் தேதியைப் படிக்கச் சொன்னார். கண்ணை இடுக்கினான். படிக்கவில்லை. மருத்துவ முகாமுக்கு அனுப்ப வேண்டிய பட்டியலில் அவன் பெயர் ஏறியது. இப்போது கண்ணாடி போட்டிருக்கிறான். பின்பெஞ்சிலிருந்தே நான் எழுதிய எழுத்துப் பிழையைக் கண்டுபிடித்துச் சொல்கிறான்.

இவனுக்கு ஆடியோ பாடம் ஏற்பாடு செய்து கொடுத்து, பாணிக்கேற்பக் கற்பித்தல் என்று ரெக்கார்டில் எழுதியிருந்தால் அழகாகத்தான் இருந்திருக்கும்.

ரகம் பிரிப்பதில் இன்னொரு வில்லங்கம் இருக்கிறது. இங்கே யாரும் இதைப் பேசி நான் கேட்டதில்லை. 2023-ல் வெளியான ஓர் ஆய்வில் ஒரு பிள்ளையைப் 'பார்த்துக் கற்பவர்' என்றும் இன்னொரு பிள்ளையைக் 'கையால் செய்து கற்பவர்' என்றும் மட்டும் அறிமுகப்படுத்தினார்கள். பெற்றோரும் ஆசிரியரும் பிள்ளைகளும், முதல் பிள்ளைதான் புத்திசாலி என்று நினைத்தார்கள். கை ரகத்துப் பிள்ளைக்கு விளையாட்டிலும் இசையிலும் நல்ல மார்க் வரும் என்றார்கள். ரகம் என்றால் வெறும் ரகம்தானே, உயர்வு தாழ்வு எங்கே வந்தது? வந்துவிடுகிறது.

ஓர் ஆய்வுக்குள்ளேயே அப்படி என்றால் நம் ஊரில் கேட்க வேண்டுமா? 'இவனுக்குப் படிப்பு ஏறாது, கைவேலைதான் வரும்' என்ற வாக்கியத்தை ஸ்டாஃப் ரூமில் கேட்காதவர் உண்டா? 1953-ல் ராஜாஜி அரசு, தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியிலும் மீதி நேரம் பெற்றோர் செய்யும் தொழிலைக் கற்றும் கழிக்கட்டும் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. குலக்கல்வி என்று ஊரே அதற்குப் பெயர் வைத்து எதிர்த்தது. 1954-ல் காமராஜர் முதலமைச்சரான பிறகு அது கைவிடப்பட்டது. வார்க் தாளும் அதுவும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. யாருடைய பிள்ளை எதற்கு லாயக்கு என்று ஏற்கெனவே முடிவு கட்டி வைத்திருக்கும் ஒரு சமூகத்தில், 'இவன் கையால் கற்பவன்' என்று ரெக்கார்டில் எழுதிக் கையெழுத்தும் வாங்கினால், அந்த வரி எந்தப் பிள்ளையின் பெயருக்கு நேரே போய் உட்காரும் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

சரி, தொழில்நுட்பத்துக்கு வருகிறேன். எங்கள் வகுப்பில் சுவரில் மாட்டிய பெரிய டிவி இருக்கிறது. பாடப்புத்தகத்தில் க்யூஆர் கோடு இருக்கிறது. மின்சாரம் பெரும்பாலும் இருக்கிறது, இணையம் அதன் மனசு போல.

பள்ளிக்குள் ஒரு புது இயந்திரம் வரும்போதெல்லாம், இனி எல்லாம் மாறிவிடும் என்ற பேச்சும் கூடவே வரும். 1913-லேயே தாமஸ் எடிசன், பள்ளிகளில் புத்தகம் சீக்கிரமே வழக்கொழிந்துவிடும், எல்லாவற்றையும் சினிமாப் படத்தை வைத்தே கற்பித்துவிடலாம் என்றார். இந்தியாவில் 1975 ஆகஸ்டிலிருந்து ஓராண்டுக்கு, அமெரிக்க செயற்கைக்கோள் ஒன்றைக் கடன் வாங்கி ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்கு நேரடியாகத் தொலைக்காட்சி காட்டினோம். காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு, மாலையில் பெரியவர்களுக்கு. 2004-ல் கல்விக்கென்றே எஜுசாட் செயற்கைக்கோள் பறந்தது. தமிழ்நாட்டில் 2011-ல் இலவச மடிக்கணினி, 2019-ல் கல்வித் தொலைக்காட்சி. கொரோனா சமயத்தில் அந்தத் தொலைக்காட்சி இல்லாவிட்டால் பல வீடுகளில் பாடச் சத்தமே கேட்டிருக்காது. ஆக, இவை எதுவும் வீண் என்று சொல்ல மாட்டேன். எதுவும் எல்லாவற்றையும் மாற்றிவிடவும் இல்லை.

ரிச்சர்ட் கிளார்க் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1983-ல் ஒரு கட்டுரையில், மளிகைச் சாமான் கொண்டுவரும் லாரியால் ஊர் மக்களின் ஊட்டச்சத்து கூடாது, கொண்டுவந்த சாமானால்தான் கூடும், ஊடகமும் அந்த லாரிதான் என்றார். ராபர்ட் கோஸ்மா அதை ஒப்புக்கொள்ளவில்லை. சில ஊடகங்களால் மட்டுமே செய்ய முடிந்த காரியங்கள் உண்டு என்று வாதாடினார். இந்தச் சண்டையில் யார் பக்கம் நிற்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் வளர்பிறை, தேய்பிறைப் பாடம் வந்தது.

நிலா ஏன் தேய்கிறது என்று கேட்டால் பிள்ளைகளில் பாதிக்கு மேல், "பூமியோட நிழல் விழுது மிஸ்" என்று சொல்லும். பிள்ளைகள் என்ன, பெரியவர்களும் சொல்வார்கள். 1987-ல் வந்த ஓர் ஆவணப்படத்தில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கிய கையோடு நிற்கிறவர்களிடம், பருவகாலம் ஏன் மாறுகிறது என்று கேட்டார்கள். அங்கி அணிந்துகொண்டு தைரியமாகத் தப்பாகச் சொன்னார்கள்.

முதலில் வீடியோ போட்டேன். நல்ல வீடியோதான். பூமிக்கு மேலே எங்கோ நின்று பார்ப்பது போல, நிலா சுற்றுவதும் சூரிய ஒளி ஒரு பக்கம் படுவதும் அழகாகத் தெரியும். ஆனால் பின்னணியில் இசை, ஓரத்தில் துள்ளிக் குதிக்கும் ஒரு கார்ட்டூன் பூமி, சொல்வதையே கீழே எழுத்தாகவும் ஓட விட்டிருந்தார்கள். கலிஃபோர்னியாவில் ரிச்சர்ட் மேயர் பல ஆண்டுகள் சோதனை செய்து சொன்னது இதற்கு நேர் எதிர்: படமும் அதைப் பற்றிய பேச்சும் சேர்ந்தால் நல்லது, அதற்கு மேல் அலங்காரமும் அதே சொற்களின் எழுத்தும் சேர்ந்தால் கவனம் சிதறும். பிள்ளைகள் கார்ட்டூன் பூமியைத்தான் பார்த்தார்கள். முடிந்ததும் எல்லோரும், "சூப்பர் மிஸ், இன்னொரு தடவை!"

சிலேட்டைக் கொடுத்து, அரை நிலா தெரியும் நாளில் சூரியன், பூமி, நிலா மூன்றும் எங்கெங்கே இருக்கும் என்று வரையச் சொன்னேன். பழைய சிலேட்டுதான், தொடக்கப் பள்ளிப் பக்கமிருந்து இரவல் வாங்கியது. எழுதி, தூக்கிக் காட்டி, அழிக்கலாம். ஒரே நேரத்தில் வகுப்பு முழுவதும் என்ன நினைக்கிறது என்று தெரிந்துவிடும். என் போனிலிருந்த எந்தச் செயலிக்கும் அந்த வேகம் இல்லை. வீடியோ பார்த்த பிறகும் பாதிச் சிலேட்டில் சூரியன், பூமி, நிலா ஒரே கோட்டில், நடுவில் பூமி நிழலை வீசிக்கொண்டிருந்தது. படம் சரியாகத்தான் சொன்னது. பிள்ளைகள் ஏற்கெனவே மனதில் வைத்திருந்ததை அதில் கண்டுகொண்டார்கள்.

மறுநாள் ஜன்னல்களுக்குச் சார்ட் ஒட்டி இருட்டாக்கி, நடுவில் ஒரு குண்டு பல்பு. மாடல் செய்ய வாங்கி வைத்திருந்த தெர்மாகோல் உருண்டைகளைப் பென்சிலில் குத்தி ஆளுக்கொன்று. உன் தலைதான் பூமி, பல்பு சூரியன், கையை நீட்டி நிலாவைப் பிடித்துக்கொண்டு இடப்பக்கமாக மெல்லச் சுற்று. பல்புக்கு நேரே பிடித்தால் உருண்டையின் இருட்டுப் பக்கம் மட்டும் தெரிகிறது: அமாவாசை. கொஞ்சம் திரும்பினால் ஓரத்தில் ஒரு கீற்று. "மிஸ், பிறை! பிறை!" என்று ஒரு குரல், பிறகு வகுப்பு முழுக்க. கால் சுற்றுக்குப் பாதி வெளிச்சம். பல்புக்கு முதுகு காட்டியதும் ஒருவன், "என் தலை மறைக்குது மிஸ்" என்றான். தூக்கிப் பிடிடா என்றேன். பௌர்ணமி வந்துவிட்டது.

வீடியோவில் கிடைக்காத எது இதில் கிடைத்தது? வீடியோ நிலாவை வெளியிலிருந்து காட்டுகிறது. நாம் உள்ளிருந்து பார்க்கிறோம். வெளியிலிருந்து பார்த்தால் நிலாவில் பாதி எப்போதும் வெளிச்சமாகத்தான் இருக்கிறது, தேய்வதும் இல்லை, வளர்வதும் இல்லை. நாம் நிற்கும் இடத்திலிருந்து அதில் எவ்வளவு தெரிகிறது என்பதுதான் பிறை. அந்த இடமாற்றத்தைச் செய்ய வைப்பதற்குத் தலையும் உருண்டையும் வேண்டும். இது கை ரகத்துக்கு மட்டும் இல்லை. தாளில் 'படித்து, எழுதி' என்று டிக் போட்டவளும் அப்படித்தான் புரிந்துகொண்டாள். அதேபோல், நெம்புகோல் விதிகளின் கணக்கு என்றால் எல்லோரும் எழுதித்தான் பார்க்க வேண்டும், குயில் கூவுவது எப்படி என்றால் எல்லோரும் கேட்கத்தான் வேண்டும், இந்திய வரைபடம் என்றால் எல்லோரும் பார்க்கத்தான் வேண்டும். எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று பாடத்திடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது. கோஸ்மாவுக்கு என் ஓட்டு, பாதி.

வீடியோவைத் தூக்கிப்போட்டுவிட்டேன் என்று நினைக்காதீர்கள். உருண்டை சுற்றி முடித்த பிறகு, இசையை அணைத்துவிட்டு மறுபடி அதே வீடியோவை ஓடவிட்டேன். ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தி, இப்போது நம் ஊரிலிருந்து பார்த்தால் எப்படித் தெரியும் என்று கேட்டேன். முதல் நாள் பார்த்த அதே படத்தை இப்போது வேறு கண்ணால் பார்த்தார்கள். ஒருத்தி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "மூணாம் பிறை இப்படி நிமிந்தா மிஸ் இருக்கும்? படுத்துல்ல இருக்கும்!" என்றாள். அவள் சொன்னது சரி. வீடியோவில் காட்டியது வடக்கே வெகுதூரத்தில் இருப்பவர்களின் பிறை. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் நமக்குப் பிறை மல்லாந்து படகு மாதிரிதான் தெரியும். பாடப்படங்களைச் சரிபார்க்கும் இடத்தில் அவளை உட்கார வைக்கலாம்.

டிவியின் உண்மையான உபயோகம் எனக்கு அதற்கப்புறம்தான் பிடிபட்டது. என் போனை நான்கைந்து புத்தகங்களின் மேல் தலைகீழாகக் கிடத்தி, கேமராவை ஒரு பிள்ளையின் நோட்டுக்கு மேலே நிறுத்தி, கேபிளில் டிவியோடு இணைத்தேன். பூமியின் நிழல் என்று இன்னும் சாதித்துக்கொண்டிருந்த பையனின் படம் சுவர் அளவுக்குப் பெரிதாகிவிட்டது. அவனும் சந்தோஷமாகத்தான் இருந்தான், டிவியில் தன் நோட்டு வந்ததால். எல்லோரும் பார்த்தார்கள். முன்பு பிறையைப் பற்றிச் சொன்ன அதே பெண், "மூணாம் பிறைய நாங்க சூரியன் எறங்குன ஒடனே அதே பக்கமில்ல பாப்போம். பூமி நெழல் சூரியன் இருக்குற பக்கம் எப்படி விழும்?" என்று கேட்டாள். பையன் பென்சிலை எடுத்து, டிவியில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, நிலாவைப் பூமிக்குப் பின்னாலிருந்து சூரியன் பக்கத்துக்குக் கொண்டுவந்தான். பிறகு கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நிழலை ரப்பரால் அழித்தான். நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த ஒரு போன், ஒரு கேபிள் வேலைக்கு லட்ச ரூபாய்ப் பலகை தேவையில்லை. ஒருவர் தன் மனதில் இருப்பதை வரைய, அதை எல்லோரும் பார்த்துக் கேள்வி கேட்க முடிகிறது என்பதுதான் அதில் விசேஷம். எங்களுக்கு நடக்கும் தொழில்நுட்பப் பயிலரங்குகளில் ஆசிரியர் எதைக் காட்டலாம் என்றுதான் சொல்லித்தருகிறார்கள். பிள்ளை எதைக் காட்டலாம் என்று ஒரு வகுப்பாவது வைத்தால் தேவலை.

தேய்பிறை அஷ்டமி எப்போது என்று பார்க்க வானியல் செயலியெல்லாம் எடுத்தேன். டீச்சர் ஆபீஸ் ரூம் தினசரி காலண்டரைக் காட்டினார். அன்று காலை பிரேயர் முடிந்ததும் பிள்ளைகளை மைதானத்திலேயே நிறுத்தி, மேற்கே வெளிறித் தெரிந்த அரை நிலாவைக் காட்டினோம். பகலில் நிலா வரும் என்பதே பலருக்குப் புதுச் செய்தி. உருண்டையை நிலாவுக்கு நேரே, வெயில் படும்படி பிடிக்கச் சொன்னேன். நிலாவில் எந்தப் பக்கம் எவ்வளவு வெளிச்சமோ, உருண்டையிலும் அதே பக்கம் அவ்வளவே வெளிச்சம். பி.டி. பீரியடுக்கு வந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளும் கூட்டத்தில் சேர்ந்துகொண்டார்கள். எச்.எம். மாடியிலிருந்து, என்னம்மா கிரகணமா என்று கேட்டார்.

ரெக்கார்டில் பாணி அட்டவணையை நேர்மையாகவே எழுதினேன். பிள்ளைகளுக்கு எது பிடிக்கிறது என்று தாளின்படி ஒரு பத்தி, எந்த முறையில் யார் என்ன கற்றார்கள் என்று சிலேட்டின்படி இன்னொரு பத்தி. இரண்டுக்கும் தொடர்பு தெரியவில்லை என்று முடிவுரையில் போட்டிருக்கிறேன். எனது ஒரு வகுப்பு எதையும் நிரூபிக்காது, அதையும் எழுதியிருக்கிறேன். கையெழுத்து வருமா, திருப்பி எழுதச் சொல்வார்களா என்பது அடுத்த வாரம் தெரியும்.

இதற்கிடையில் எச்.எம். வாயிலிருந்து விழுந்த கிரகணத்தைப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். தலை மறைக்குது என்று சொன்ன அதே பையன் கேட்டான்: "அப்ப ஒவ்வொரு பௌர்ணமிக்கும் கிரகணம் வரணுமே மிஸ், ஏன் வரல?" அவனைத்தான் அன்று நான் தூக்கிப் பிடி என்று சொல்லிச் சமாளித்தேன். நிலாவின் பாதை சுமார் 5 டிகிரி சாய்ந்திருக்கிறது என்று புத்தகம் சொல்லும். 5 டிகிரி என்பது படத்தில் ஒன்றுமே இல்லை போலத் தெரியும், ஏனென்றால் எல்லாப் படத்திலும் நிலாவைப் பூமிக்குப் பக்கத்திலேயே ஒட்டி வரைந்திருப்பார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். பூமி ஒரு கால்பந்து என்றால் நிலா ஒரு டென்னிஸ் பந்து. அது நிற்க வேண்டிய தூரம் ஏறக்குறைய ஆறரை மீட்டர். அந்தத் தூரத்தில் 5 டிகிரி என்றால் டென்னிஸ் பந்து கிட்டத்தட்ட இரண்டு அடி மேலேயோ கீழேயோ போய்விடுகிறது. கால்பந்தின் நிழல் அதைத் தொடாது. டிவியில் அடங்காது, போர்டில் அடங்காது, எங்கள் வகுப்பறைக்குள்ளும் சுற்றிவர இடமில்லை. நீள வராண்டாதான் சரிப்படும். பி.டி. சாரிடம் கால்பந்து கேட்டிருக்கிறேன். டென்னிஸ் பந்தைப் பையன்களே கொண்டுவருகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள்.